சத்தியமங்கலத்து நம்பர்

கொஞ்சம் அக்கட்டால நகந்து உக்காரு அம்மிணி. இந்தப் பையை நான் கீழ வெக்க மாட்டேன், மடிலயேதான் இருக்கோணும். உள்ள நகை நட்டு ஒண்ணுமில்ல, ஒரு நோட்டுதான். எரநூறு பக்க நோட்டு, அதுல நூத்தி எம்பது பக்கம் எழுதியாச்சு. என்ன எழுதினேன்னு கேக்கறியா? என்ற பொழப்பைக் கெடுத்தவங்க விலாசம்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். கோயமுத்தூர் போறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும், உனக்கும் பொழுது போகோணுமல்ல, கேளு.

நான் கோபில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன். வசந்தாமணி சென்டர்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மொதல்ல டைப் அடிக்கறது, ஜெராக்ஸ் எடுக்கறதுன்னு இருந்தேன். அப்புறம் வரன் பாக்கற வெப்சைட் ஒண்ணு ஆரம்பிச்சேன், பந்தக்கால்னு பேரு. பொண்ணு மாப்பிள்ளை ஜாதகத்தையெல்லாம் அதுல ஏத்திருவோம், வேணுங்கறவங்க அவங்கவங்க போன்லயே பாத்துக்கலாம். அந்தியூர்ல ஒரே வூட்டுல மூணு பொண்ணுக்கும் நான்தான் முடிச்சு வெச்சேன். அப்பேர்ப்பட்ட சைட்டு.

அதுல எனக்குக் கூட்டு யாருன்னா என்ற நாத்தனா சுலோச்சனா. என்ற வூட்டுக்காரரோட தங்கச்சி, சத்தியமங்கலத்துல கட்டிக் குடுத்திருக்குது. அவளுக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியாது. ஆனா எந்த வூட்டுல யாரு இருக்கறாங்க, என்ன படிச்சாங்க, யாரோட யாரு பேசறதில்லைன்னு அத்தனையும் அத்துப்படி. அவ துணிப்பைல ஜாதகம் வாங்கிட்டு வருவா, நான் ஏத்துவேன். நல்லாத்தான் போச்சு. என்ற பொண்ணு விசயத்துல அவ வாயைத் தொறக்கற வரைக்கும் நல்லாத்தான் போச்சு.

என்ற பொண்ணு இந்துஜா. கோயமுத்தூர்ல கம்பெனி வேலை, ஆஸ்டல்ல இருக்கறா. இப்ப அவளைப் பாக்கத்தான் போறேன். அவளுக்கு ஜாதகத்துல ரெண்டுல செவ்வாய். அதொரு பெரிய குத்தமா? அவ பொறந்த நேரத்தைக் கம்ப்யூட்டர்ல ஒரு பதினெட்டு நிமிசம் தள்ளிப் போட்டேன். லக்கினம் அடுத்த கட்டத்துக்குப் போச்சு, செவ்வாய் ஒண்ணுக்கு வந்துருச்சு, தோசமே இல்ல. ஆஸ்பத்திரிக் கடியாரம் அன்னைக்குச் சரியாத்தான் ஓடுச்சுன்னு யாரு கண்டா? பெருந்துறைல இருந்து ஒரு நல்ல எடம் வந்துது. எல்லாம் பேசி, நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் போற நேரத்துல, இந்தச் சுலோச்சனா போயி மாப்பிள்ளையோட அம்மாகிட்ட, புள்ளைக்குச் செவ்வாய் இருக்குதுங்க, பாத்துச் செய்யுங்கன்னு சொல்லிப்போட்டா. ஏன்டி சொன்னேன்னு கேட்டா, மறைச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்கு நம்ம புள்ளைதான சீரழியும்ங்கறா. அந்த எடம் போச்சு. அன்னையோட அவளுக்கும் எனக்கும் முடிஞ்சுது. அவ சத்தியிலயே தனியா வாட்ஸப்புல வரன் பாக்க ஆரம்பிச்சுட்டா. மருமகன் பண்ணிக் குடுத்தானாம்.

அப்பவே நான் மனசுல வெச்சுக்கிட்டேன். வெச்சுக்கிட்டேனே தவிர ஒண்ணும் பண்ணல. அந்தளவுக்கு நான் பொறுமைசாலி.

போன வருசம் தை மாசம். மார்கழி முழுக்க ஒருத்தரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க, தை பொறந்தாத்தான் எங்களுக்கு வேலை. தை நாலாந்தேதி, அந்தியூர்ல இருந்து ரிட்டயர்டு எட்மாஸ்டர் ஒருத்தர் நேர்லயே வந்துட்டார். கையில ஒரு பிரிண்டு. ‘ஏனுங்க, பையனுக்குப் பொண்ணு பாக்கச் சொன்னா, ஆம்பளைங்களுக்கு மாத்திரை வேணுமான்னு உங்க சைட்டுல இருந்து எனக்கு மெயில் வருதுங்களே’ன்னார். எனக்கு அவர் மூஞ்சியைப் பாக்க முடியல. அவருக்கு மட்டுமில்ல அம்மிணி, சைட்டுல பதிஞ்ச நாலாயிரம் குடும்பத்துக்கும் போயிருக்குது. மாமியாருங்களுக்கெல்லாம் போயிருக்குது. ரெண்டு நாள் கழிச்சு சைட்டே படுத்துருச்சு. முகூர்த்தம் முகூர்த்தமாப் போகுது, நம்ம பந்தக்கால் மட்டும் தொறக்க மாட்டேங்குது. இந்துஜா ஜாதகத்தைத்தான் முதல் பக்கத்துல போட்டிருந்தேன், அதையும் ஒருத்தரும் பாக்க முடியாமப் போச்சு. அவளுக்கு அப்பவே முப்பது.

சர்வரைப் பாத்துக்கறது ஈரோட்டுல லாரன்ஸ்னு ஒருத்தர். ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், தெரிஞ்ச ஆளுதான். அவரு வந்து பாத்துப்போட்டு, ‘அக்கா, ஒரு மணி நேரத்துல ரெண்டு லட்சம் தடவை தட்டியிருக்கறாங்க, அதான் படுத்துருச்சு’ன்னார். யாரு தட்டினதுன்னு கேட்டேன். அப்பத்தான் அந்தப் பட்டியலைக் காட்டினார். யாரு நம்ம சைட்டுக்குள்ள வந்தாலும் ஒரு நம்பரை விட்டுட்டுத்தான் போகோணுமாம். ஐ.பி. நம்பர்ங்கறாங்க. வூட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி, நெட்டுக்கு ஒரு நம்பர். வரிசையா ஓடுது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நம்பர். திருடன் வந்தது மட்டுமில்ல, விலாசத்தையும் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கறான். இது போதும்டா சாமி எனக்குன்னேன்.

லாரன்சு அடிச்சுச் சொன்னார், இதெல்லாம் மனுசன் பண்றதில்ல அக்கா, எங்கியோ எவனோ ஏவி விட்ட மெசினுக, உங்களை அவனுக்குத் தெரியவே தெரியாதுன்னு. தெரியாமத்தான் என்ற சைட்டைத் தேடி வந்து அடிச்சானாக்கும்! எனக்கு மட்டும் காது குத்தறார்.

அன்னைல இருந்து காலைல பல்லு வெளக்கினதும் மொத வேலை பட்டியலைத் தொறக்கறதுதான். ஒவ்வொரு நம்பரா நோட்டுல எழுதுவேன். நம்பரைப் போட்டா எந்த ஊருன்னு சொல்றதுக்குன்னே சைட்டு இருக்குது, மேப்புல புள்ளி வெச்சே காட்டும். பிரேசில்ங்குது, வியட்நாம்ங்குது, ரசியாங்குது. ஒவ்வொரு ஊருக்காரனுக்கும் மெயில் போட்டேன், உங்க ஆளைக் கண்டிச்சு வைய்யுங்கன்னு. ஒரு போலந்துக்காரன் மட்டும் மருவாதியா மன்னிப்புக் கேட்டு எழுதினான். அவனை நோட்டுல அடிச்சு விட்டுட்டேன். நான் அப்படியொண்ணும் கல்லு நெஞ்சுக்காரி இல்ல.

பதினாறாவது பக்கம் எழுதறப்ப ஒரு நம்பர் வந்துது. போட்டுப் பாத்தேன். சத்தியமங்கலம்.

அம்மிணி, உலகத்துல எத்தனை ஊரு இருக்குது? எதுக்குச் சத்தியமங்கலம் வரோணும்? மேப்பைப் பெருசு பண்ணிப் பாத்தா, புள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல விழுந்திருக்குது. அங்கிருந்து மூணாவது சந்துதான் சுலோச்சனா வூடு. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன். சந்தோசமா துக்கமான்னு தெரியல. இல்ல, சந்தோசந்தான்.

லாரன்சுகிட்டக் காட்டினா, அந்த மனுசன் தலைல கையி வெச்சுக்கிட்டார். ‘அக்கா, இது போன் கம்பெனியோட நம்பர். ஒரே நம்பரை அந்தப் பக்கத்துல ஆயிரம் பேரு பங்கு போட்டு உபயோகிப்பாங்க, இன்னைக்கு ஒருத்தருக்கு, நாளைக்கு இன்னொருத்தருக்கு. அந்தப் புள்ளி ஊருக்கு நடுவுல சும்மா வெக்கறது, வூட்டைக் காட்டறதில்ல’ன்னார். இன்னொண்ணும் சொன்னார், அந்த நம்பர்ல இருந்து வந்தவங்க அடிக்கவே இல்ல, நாலு ஜாதகத்தைப் பாத்துட்டுப் போயிருக்கறாங்க, அவ்வளவுதான்னு. அவ்வளவுதானா? வேவு பாக்க வந்தவ வேற என்ன பண்ணுவா? சத்திப் பக்கம் சர்வீசுக்குப் போறப்ப சுலோச்சனா வூட்டுல இவரு காப்பி குடிச்சிருக்கறார், எனக்குத் தெரியும். காப்பி குடிச்ச வாயி அப்படித்தான் பேசும்.

நான் விடல. மாசில சுலோச்சனா பேத்திக்குக் காதுகுத்து. எங்களுக்கும் பத்திரிகை வெச்சிருந்தாங்க, என்ற வூட்டுக்காரர் புள்ளையோட அம்மாளுக்குத் தாய்மாமனாச்சே. அவரு சீர்த் தட்டைத் தூக்கிட்டு முன்னால போறார். நான் பின்னால பிரிண்டு எடுத்துட்டுப் போனேன். மண்டபத்துல ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் இருக்குது. புள்ளையை மாமன் மடில உக்கார வெச்சிருக்கறாங்க, ஆசாரி ஊசியைக் கையில எடுத்துட்டார். நான் நடுவுல போயி நின்னு, தேதி, மணி, நம்பர் எல்லாத்தையும் சத்தமாப் படிச்சேன். இந்த நம்பர் யாருதுன்னு தெரியுமா, சபைல எல்லாரும் தெரிஞ்சுக்கோங்கன்னேன். என்ற பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தது பத்தாதுன்னு என்ற சைட்டுலயும் கையி வெச்சுட்டான்னேன்.

சுலோச்சனா என்ன பண்ணினான்னு நினைக்கற? அண்ணிங்கற மொறை மாறாம நங்கையான்னுதான் கூப்பிட்டா. ‘நங்கையா, எனக்குப் போன்ல பச்சையை அமுக்கினாப் பேசலாம், செவப்பை அமுக்கினா வெக்கலாம், அவ்வளவுதான் தெரியும். புள்ளை அழுகுது, தோடு போட்டு முடியட்டும், அப்புறம் என்னை என்ன வேணாலும் பேசுங்க’ன்னா. எப்பேர்ப்பட்ட நடிப்பு பாத்துக்க. சபையே அவ பக்கம் சாஞ்சுருச்சு. என்ற வூட்டுக்காரர் பந்திக்கு உக்காரல, பஸ் ஏறி வூட்டுக்குப் போயிட்டார். இன்னைக்கு ஒரு வருசமாச்சு, என்றகூட ஒரு பேச்சு இல்ல. சோறு போட்டாத் திங்கறார். ஞாயித்துக்கெழமையானா தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு வர்றார். போகட்டும். உண்மைக்குத் தொணை எப்பவும் கம்மி.

ஈரோட்டுல போலீஸ்லயும் மனு குடுத்தேன். அந்த எஸ்.ஐ. பொண்ணு உக்கார வெச்சுத் தண்ணியெல்லாம் குடுத்துச்சு, நல்ல புள்ளை. ஆனா இதை வெச்சு ஒருத்தரைச் சொல்ல முடியாதுங்கம்மான்னுது. சரி, யாரும் பண்ண வேண்டாம், நானே பாத்துக்கறேன்னு வந்துட்டேன்.

நம்பரைத் தடுக்கறதுக்கு வழி இருக்குது அம்மிணி. அந்த நம்பர்ல இருந்து எவன் வந்தாலும் கதவு தொறக்காது. லாரன்ஸ் ஒண்ணு ரெண்டுதான் தடுத்துக் குடுத்தார், மிச்சத்துக்கு மாட்டேன்னுட்டார். நானே கத்துக்கிட்டேன். அம்பத்தி நாலு வயசுல, ராத்திரி பகல் பாக்காம, வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். ஒத்தை நம்பரைத் தடுத்தா நாளைக்கு அவ வேற நம்பர்ல வருவா. அதனால அந்த நம்பருக்குப் பங்காளி நம்பருகன்னு இருக்குமல்ல, ஒரே கம்பெனி, ஒரே வரிசை, அத்தனையும் கூண்டோட தடுத்தேன். சத்தியை மொத்தமா மூடினேன். அப்புறம் பவானிப் பக்கம் ஒண்ணு சந்தேகமா வந்துது, அதை மூடினேன். திருப்பூர், ஈரோடு, தாராபுரம். எங்கெங்க சுலோச்சனாவுக்குச் சொந்தக்காரங்க இருக்கறாங்களோ அங்கெல்லாம் மூடினேன். போன்ல வர்ற நம்பருகதான் எச்சா, பாதிக்கு மேல அதுதான், அதையெல்லாம் அடியோட மூடிட்டேன்.

சும்மா மூடினா அவளுக்கு எப்படி ஒறைக்கும்? தடுத்த நம்பர்ல இருந்து எவ வந்தாலும் அவளுக்கு ஒரு பக்கம் வர்ற மாதிரிப் பண்ணினேன். நானே எழுதினது. செவப்பு எழுத்துல, ‘நீ யாருன்னு எனக்குத் தெரியும். உன் நம்பர் இதுதான், எழுதி வெச்சுட்டேன். என் பொழப்புல மண்ணைப் போட்ட நீ நல்லா இருக்க மாட்ட. உன் வம்சத்துல ஒரு நல்ல காரியம் நடக்காது. இப்படிக்கு, வசந்தாமணி, கோபி.’ கீழ அவங்க நம்பரு தானா வந்து நிக்கும். எப்படி? பேரைப் போட்டுத்தான் எழுதினேன். நான் எவளுக்கும் ஒளிஞ்சு பேசறவ இல்ல.

அதுக்கப்புறம் பாரு, சைட்டு அமைதியாயிருச்சு. மாத்திரை மெயில் இல்ல, தட்டறது இல்ல, ஒண்ணுமில்ல. இந்தத் தை மாசம் முழுக்கப் பட்டியல்ல ஒரு நாளைக்கு நாலு வரி, அஞ்சு வரிதான். அதுலயும் மூணு நான் பாத்தது. என்ற சென்டர் கம்ப்யூட்டர்ல எப்பத் தொறந்தாலும் பளிச்சுன்னு வருது. ஜெயிச்சுட்டேன் அம்மிணி.

ஒரே ஒரு வெசனந்தான். இந்துஜாவுக்கு இந்தத் தைல ஒரு எடங்கூட வரல. ஒண்ணுகூட. போன வருசத்துக்கு முன்னால, செவ்வாய்னு தெரிஞ்சே கேட்டவங்க உண்டு, தை மாசத்துல பத்துப் பன்னெண்டு போனாச்சும் வரும். இப்ப ஒருத்தரும் கேக்கறதில்ல. புள்ளைக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சுது. எனக்குப் பகல்ல ஒண்ணும் தெரியறதில்ல, ராத்திரி சோத்துல கையி வெச்சா அழுகை வந்துருது. எல்லாம் அந்தச் சுலோச்சனா வேலைதான். ஊரு ஊராப் போயிச் செவ்வாய் செவ்வாய்னு சொல்லி வெச்சிருக்கறா, வேற என்ன?

இந்துஜாவும் போன வாரம் போன்ல சொல்றா, ஆஸ்டல்ல சைட்டு தொறக்க மாட்டேங்குதும்மான்னு. ஆஸ்டல்ல நெட்டு நல்லாவா இருக்கும்? அப்புறம் சொன்னா பாரு ஒரு வார்த்தை, என்ற ஜாதகத்தை அத்தைகிட்டக் குடுத்துடறேன்னு. பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும் எனக்கு? கத்தினேன். அவ மெதுவாக் கேக்கறா, ‘அம்மா, உனக்கு எனக்கு மாப்பிள்ளை பாக்கோணுமா, அத்தையைப் புடிக்கோணுமா?’ ரெண்டும்தான்டின்னேன். வெச்சுட்டா. அதுக்கப்புறம் எடுக்கறதில்ல. அதான் நேர்லயே போறேன், அத்தைகிட்டப் போக மாட்டேன்னு சத்தியம் வாங்காம வர மாட்டேன்.

என்ன கேட்ட? என்ன படிச்சிருக்கறாளா? எம்.சி.ஏ. அம்மிணி. நல்ல செவப்பு, சமையல் நல்லாப் பண்ணுவா, கோவம் மட்டும் கொஞ்சம் வரும், அது அவங்கப்பன்கிட்ட இருந்து வந்தது. ஏன் கேக்கற? உனக்கு அண்ணன் இருக்கறாரா? அரச்சலூரா உங்க ஊரு? அட, இத்தனை நேரம் சொல்லாம வந்துட்டயே. திருப்பூர்ல பனியன் கம்பெனில மேனேஜரா? வயசு முப்பத்தி நாலா? ஏன் இன்னும் ஆகல?

ரெண்டுல செவ்வாயா?

அட சாமி. அம்மிணி, உன்ற கையைக் குடு. செவ்வாய்க்குச் செவ்வாய் அத்தனை பொருத்தம், சோசியக்காரனே வேண்டாம். உன்கிட்ட மறைக்க மாட்டேன், அவளுக்கும் ரெண்டுலதான், அந்தப் பதினெட்டு நிமிசத்தை நான் இன்னைக்கே திருத்திடறேன். உங்க குலம், கூட்டம் என்ன? ஆமா ஆமா, எங்களுது வேற கூட்டம், கட்டலாம். உங்கம்மா இருக்கறாங்களா? நல்லவங்களா? பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வருது. ஒரு வருசமா நான் இப்படிச் சந்தோசப்பட்டதில்ல. இந்துஜாகிட்டப் போயி என்ன சொல்லுவேன் தெரியுமா, எந்திரிடி, பட்டுப்பொடவை எடுக்கப் போலாம்னு சொல்லுவேன்.

போட்டோ பாக்கோணுமா? என்றகிட்டப் பட்டன் போன்தான், டச் போன் வெச்சா எவனாச்சும் உள்ள பூந்துருவான். உன்ற போன்லயே தொற. பந்தக்கால்னு அடி, முதல் பக்கத்துலயே அவதான் இருப்பா, மாம்பழக் கலர் பொடவை. உங்கண்ணனுக்கு இப்பவே அனுப்பிச்சுரு.

என்ன, வரலயா? காட்டு, நான் பாக்கறேன்.

அட, நான் எழுதினது. பாத்தியா, பஸ்சுல போயிட்டிருக்கறப்பக்கூட வேலை செய்யுது. எப்படி எழுதியிருக்கறேன் பாரு.

இரு. உன்ற போன்ல எப்படி இது வருது?

நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது, கீழ நம்பர் வந்திருக்குதே. இந்த வரிசை எனக்குத் தெரியும். தொண்ணூத்தி ரெண்டாவது பக்கத்துல இருக்குது. அம்மிணி, என்ற மூஞ்சியைப் பாத்துச் சொல்லு, சத்தியமங்கலத்துல உனக்கு யாரு இருக்கறா? யாருமில்லையா? சுலோச்சனாங்கற பேரை இதுக்கு முன்னால கேட்டதே இல்லையா?

என்ன சொன்ன? உங்கண்ணன் போன்லயும் வந்துதா? இந்தத் தை மாசமே வந்துதா? பொண்ணு பாக்கறதுக்குத் தொறந்தாரு, இதைப் படிச்சுப்போட்டு உங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடலயா? நல்ல காரியம் நடக்காதுன்னு வந்துதேன்னு அழுதாங்களா?

அழுவாங்க. அழுகத்தான எழுதி வெச்சேன். அப்ப உங்கண்ணன்தான் தை மாசம் என்ற கதவைத் தட்டினது. அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். ஒண்ணும் தெரியாத புள்ளை மாதிரிப் பக்கத்துல உக்காந்து, இத்தனை நேரமாக் கதை கேட்டுக்கிட்டு, செவ்வாய்னு சொல்லி என்ற வூட்டுக்குள்ள வரப் பாத்தயே. கையை விடு. இந்துஜாவுக்குக் கடைசி வரைக்கும் மாப்பிள்ளை அமையாட்டியும் சரி, என்ற நோட்டுல இருக்கற வூட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்.

கண்டக்டர் தம்பி, முன்னால எங்கியாச்சும் ஒரு சீட்டு இருந்தாக் குடுங்க.